கத்தரிப்பூ பானட்டில் ஐந்து விரல்கள்

அத்தியாயம் பதினான்கு

எட்மண்ட் பேசத் தொடங்கினால் அவருடைய தமிழ் மேடையேறிவிடும். கேட்பவர்கள் மூன்றே பேர் என்றாலும், அதில் ஒருவர் மனைவி, ஒருத்தி மகள் என்றாலும், ஏறிய தமிழ் லேசில் இறங்காது.

“இந்த இனிய சனிக்கிழமைக் காலைப் பொழுதில்,” என்றார், சிங்கப்பூரின் பாசிர் ரிஸ்ஸில் அஹமது கபீர் வீட்டுக் கார் போர்ச்சில் நின்றுகொண்டு, “நம் குடும்ப வாகனம் ஒரு புதுக் கோலம் பூணுகிறது. இதற்கு நான் மனமுவந்து இசைவளித்தேன் என்பதை இவ்வேளையில்...”

“டாடி, மாஸ்க் போடுங்க. இல்லாட்டி ரோஜாத் தொட்டிக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்க லா,” என்றாள் நிக்கோல்.

நிக்கோல் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர். வாயைத் திறந்து வைத்திருக்கும் ஆண்களைக் கையாள்வது அவளுடைய தொழில்.

எட்மண்ட் மாஸ்க் போட்டுக்கொண்டார். பேச்சு நிற்கவில்லை. துணிக்குப் பின்னாலிருந்து ‘ம்வ்வேளையில்’ என்று வந்தது.

அந்த ‘மனமுவந்து’தான் சென்ற வாரம் பலரையும் உருக வைத்தது. உருகியவர்கள் சற்று நிதானிக்க வேண்டும்.

நடந்தது இவ்வளவுதான். அவருடைய மனைவி அந்தோனியம்மாளுக்கு ஐம்பத்து நான்கு வயது. தோ பாயோவில் ஒரு பாலர் பள்ளியில் தமிழ் ஆசிரியை. இரண்டு வாரங்களுக்கு முன்பு, நான்காவது முயற்சியில், ஓட்டுநர் தேர்வில் தேறினார். அதற்குப் பரிசாக அவர் நகை கேட்கவில்லை, சுற்றுலா கேட்கவில்லை.

“இன்னும் பத்து மாசத்துல சிஓஇ முடிஞ்சு இந்தக் கார் இரும்புக் கடைக்குப் போயிடும். அதுவரைக்கும் எனக்குப் புடிச்ச கலர்ல ஓட்டணும்,” என்றார். சிஓஇ என்பது கார் வைத்துக்கொள்ள அரசு தரும் பத்தாண்டு உரிமம்.

கார் வெள்ளை. ஒன்பது ஆண்டுகளாக எட்மண்ட் ஓட்ட, அந்தோனியம்மாள் இடப்பக்கம் உட்கார்ந்து, பிரேக் இருக்க வேண்டிய இடத்தில் காலை அழுத்திக்கொண்டே வந்த வெள்ளை. ‘வெண்மையே கண்ணியம்’ என்பது எட்மண்டின் கொள்கை. பேருந்து நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது பங்குக் கோயிலில் வழிபாட்டுக் குழு ஒருங்கிணைப்பாளர். ஊதியமில்லாத அந்தப் பதவிக்கு இருநூறு விசிட்டிங் கார்டு அடித்து வைத்திருக்கிறார்.

அந்தோனியம்மாள் தேர்ந்தெடுத்தது கத்தரிப்பூ நிறம். சிராங்கூன் சாலையில் கபீரின் துணிக்கடையில் பார்த்த ‘வாயில்’ பருத்தித் துணியில் ஒரு முழம் வெட்டி வாங்கி வந்து சாப்பாட்டு மேசைமேல் விரித்தார்.

“பொதுக்காலத்துல கத்தரிப்பூவா? அது தவக்காலத்து நிறம்,” என்றார் ஒருங்கிணைப்பாளர்.

“உங்ககூட இருக்கிற எனக்கு எல்லாக் காலமும் தவக்காலம்தான்.”

அந்தச் சண்டை ஒரு வாரம் ஓடியிருக்கும். ஆனால் நிக்கோல் ஒரு வார்த்தை சொன்னாள், எட்மண்ட் அந்த நொடியே மனமுவந்துவிட்டார். அந்த வார்த்தை: “உரிச்சிடலாம்.”

அது வழக்கமான பெயிண்ட் இல்லை, ரப்பர். தண்ணீர்போல ஸ்ப்ரே கன்னில் ஊற்றி அடித்தால், காய்ந்ததும் காருக்குமேல் ஒரு தோல்போலப் படிந்துகொள்ளும். வேண்டாமென்றால் ஓரத்தில் பிடித்து இழுத்தால் போதும். அடியில் பழைய வெள்ளை பத்திரமாக இருக்கும்.

பத்திரமான அந்த வெள்ளைதான் எட்மண்டுக்குத் தேவை. ஏனென்றால் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, பழைய கார் வாங்கி விற்கும் வடிவேலு இந்தக் காரைப் பார்க்க வருகிறான். வரச் சொன்னவர் எட்மண்ட். இது அந்தோனியம்மாளுக்குத் தெரியாது, நிக்கோலுக்கும் தெரியாது. அவர் போட்ட கணக்கு எளிமையானது: ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மனைவி ஆசை தீர ஓட்டட்டும், மாலையில் ஏதாவது காரணம் சொல்லி உரித்துவிடலாம், திங்கட்கிழமை வடிவேலு.

பெருந்தன்மைக்கும் ஒரு காலாவதி நாள் உண்டு. எட்மண்டுடையது முப்பத்தாறு மணி நேரம்.

*

தோ பாயோவில் அவர்கள் இருப்பது பன்னிரண்டாம் மாடி. அங்கே பொதுக் கார் நிறுத்தத்தில் காரைக் கொஞ்சம் சத்தமாகத் துடைத்தாலே நான்கு பேர் எட்டிப் பார்ப்பார்கள். ஸ்ப்ரே கன்னைத் தூக்கினால் நாற்பது பேர் புகார் எழுதுவார்கள். அதனால்தான் கபீர் வீடு. எட்மண்டின் பள்ளித் தோழரான கபீருக்குத் தரைவீடு, கூரை போட்ட போர்ச், ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் பொறுமை, மூன்றும் வாய்த்திருந்தன.

நிக்கோல் முதல் நாளே காரைச் சோப்புப் போட்டுக் கழுவி, மெழுகெல்லாம் போகத் துடைத்திருந்தாள். இன்று கண்ணாடி, விளக்கு, டயர் எல்லாவற்றையும் டேப்பும் தாளும் ஒட்டி மூடினாள். நிறம் மாறுவதை ஆன்லைனில் முறைப்படி பதிந்தும்விட்டாள். துணித்துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிறத்தூளைக் கலக்கினாள். அந்தோனியம்மாள் குனிந்து பார்த்தார்.

“இன்னும் ஒரு சிட்டிகை நீலம்.”

“இப்ப?”

“இப்ப சரி. இப்பதான் கத்தரிப்பூ. முன்னாடி கத்தரிக்காயா இருந்துச்சு.”

முதல் கோட் மூடுபனிபோல விழுந்தது. வெள்ளையும் தெரிந்தது, ஊதாவும் தெரிந்தது, பார்க்கத் தேமல் வந்த மாதிரி இருந்தது.

“இதுக்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?” என்றார் எட்மண்ட்.

“முதல் கோட் அப்படித்தான் இருக்கும் டாடி. அரை மணி நேரம் காயட்டும். இன்னும் அஞ்சு இருக்கு.”

“மொத்தம் ஆறா? மூணு போதாதா? மெல்லிசா இருந்தா பின்னாடி உரிக்கவும் சுலபமா...”

“தலைகீழா சொல்றீங்க. மெல்லிசா அடிச்சா துண்டு துண்டாப் பிஞ்சு வரும். நகத்தால சுரண்டிக்கிட்டே ஒரு வாரம் உக்காந்திருக்கணும். தடிப்பா இருந்தாத்தான் முழுசா வரும்.”

எட்மண்டின் முகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை முழுவதும் ஓடி மறைந்தது.

“அப்படின்னா ஏழு கோட் அடி,” என்றார்.

“ஆறு போதும் டாடி. மிச்சம் ஒரு டப்பா இருக்கட்டும், எங்கயாச்சும் தப்பு வந்தா சரி பண்ணணும்ல?”

“என்ன தப்பு வரப் போகுது? நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்? ஏழு!”

அந்தோனியம்மாள் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, உங்களுக்கே புடிச்சுப் போச்சா?”

கேள்வியில் கிண்டல் இல்லை. அதுதான் எட்மண்டுக்குச் சங்கடமாகப் போயிற்று. தொண்டையைச் செருமிக்கொண்டு ரோஜாத் தொட்டிப் பக்கம் நகர்ந்தார்.

*

ஆறாவது கோட் காயும் நேரத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். கபீரின் மனைவி ரபியா கடைக்குப் போகுமுன் செய்து வைத்த பிரியாணி. சன்னல் வழியாகக் கார் தெரிந்தது. பளபளப்பில்லாத, கண்ணை உறுத்தாத, காலையில் பறித்துப் போட்டதுபோன்ற கத்தரிப்பூ. அந்தோனியம்மாள் தட்டைப் பார்த்ததைவிடச் சன்னலைத்தான் அதிகம் பார்த்தார்.

“நாளைக்கு எட்டு மணிப் பூசைக்கு நான்தான் ஓட்டிட்டுப் போவேன்,” என்றார்.

“நல்லது,” என்றார் எட்மண்ட். “நான் ஏழு மணிக்கே பஸ்ஸுல போயிடுவேன். ஒருங்கிணைப்பாளர் என்கிற முறையில் முன்கூட்டியே வருகை தந்து ஆவன செய்ய வேண்டிய கடப்பாடு...”

“இவன் மேடைத் தமிழ்ல பேசுறான்னா பயந்துட்டான்னு அர்த்தம், அந்தோனிம்மா,” என்றார் கபீர். “ஸ்கூல்ல ஊசி போட வந்தப்பவும் இப்படித்தான். ‘மதிப்பிற்குரிய தாதியவர்களே’ன்னு ஆரம்பிச்சான்.”

“எனக்கு என்னடா பயம்?”

“இடது பக்கம் உக்காரணும்ல. பங்கு சனம் பாக்குமே.”

எட்மண்ட் எலும்பில் இல்லாத கறியைத் தீவிரமாகத் தேடினார்.

அந்தோனியம்மாள் கரண்டியை வைத்தார். “நாலு டெஸ்ட்டுக்கும் நான் தனியாத்தான் போனேன். மூணு தடவை தனியாத்தான் திரும்பி வந்தேன், பெயிலாகி. நான் ஒண்ணும் சொல்லல. நாளைக்கு ஒரு நாள் பக்கத்துல உக்காந்து வாங்க. இந்தக் கலரவிட எனக்கு அதுதான் பெருசு.”

நிக்கோல் எழுந்து, “ஏழாவது கோட்டுக்கு டைம் ஆச்சு,” என்று வெளியே போனாள்.

*

கடைசி டப்பாவும் காலியானது. ரப்பர் ஈரமாக இருக்கும்போதே டேப்பை எடுத்தால்தான் ஓரம் கிழியாமல் வரும் என்பதால், தாயும் மகளும் ஆளுக்கு ஒரு பக்கமாக டேப்பையும் தாளையும் உரித்தெடுத்தார்கள். மணி இரண்டரை.

“நாலு மணி நேரம். யாரும் கிட்ட போகக் கூடாது. தொடக் கூடாது. தும்மக்கூடக் கூடாது,” என்றாள் நிக்கோல், தகப்பனாரை மட்டும் பார்த்து.

எல்லோரும் உள்ளே போனார்கள். எட்மண்ட் மட்டும் வாசற்படியில் நின்றார்.

மனைவி கேட்டது உள்ளே குத்திக்கொண்டிருந்தது. குற்ற உணர்ச்சி வந்தால் சிலர் மன்னிப்புக் கேட்பார்கள். எட்மண்ட் விழா எடுப்பார். கைபேசியில் பங்குத் தந்தையை அழைத்தார்.

“ஃபாதர், வாகனத்தை மந்திரிக்க வேண்டும். தாங்கள் உடனே எழுந்தருளினால்...”

“பிரதர், பெயிண்ட் காஞ்சிடுச்சா?” என்று கேட்டார் தந்தை. அவர் விவரமானவர்.

“காய்ந்துகொண்டிருக்கிறது ஃபாதர்.”

“அப்ப காயட்டும். நாளைக்குப் பூசை முடிஞ்சதும் வாசல்ல வெச்சு மந்திரிச்சிடலாம். ஈரத்துல தண்ணி தெளிக்காதீங்க பிரதர்.”

இப்படி ஒரு தெளிவான ஆலோசனை கிடைத்த பிறகு வேறு எவரும் போய்ப் படுத்திருப்பார்கள். ஆனால் ஒருங்கிணைப்பாளரின் பையில் வேளாங்கண்ணித் தீர்த்தம் ஒரு குப்பி இருந்தது. நாளை தந்தை செய்வது அதிகாரபூர்வமானது, இன்று நாம் செய்வது முன்னேற்பாடு என்று தமக்குத் தாமே ஒரு சுற்றறிக்கை அனுப்பிக்கொண்டார். காரின் முன்னால் போய் நின்றார். கண்ணை மூடினார்.

“எங்கள் வாகனத்தையும், அதை ஓட்டவிருக்கும் என் துணைவியாரையும்,” என்று தொடங்கியவர் அங்கே சற்றுத் தடுமாறினார். ‘ஒரு நாள் மட்டும்’ என்று கடவுளிடம் சொல்வதற்கு மேடைத் தமிழில்கூட வார்த்தை அகப்படவில்லை. தடுமாற்றத்தை மறைக்க, தேவைக்கு அதிகமாகவே தெளித்தார்.

கண்ணைத் திறந்தார். எஞ்சினை மூடும் பானட் முழுக்க அம்மைத் தழும்பு.

ஒவ்வொரு துளியும் விழுந்த இடத்தில் ஒரு குழி. எட்மண்ட் பதறிப்போய், பதறியவர்கள் செய்வதையே செய்தார். துடைக்கக் கையை வைத்தார். வழுக்கியது. விழாமலிருக்க உடம்பின் முழு எடையையும் அந்தக் கையில் ஊன்றினார். கையை எடுத்தபோது, ஏழு கோட் ரப்பரும் சொத்தென்று கையோடு வந்தது.

“ஐயோ அம்மா!” இதில் மேடைத் தமிழ் ஒரு துளியும் இல்லை.

மூவரும் ஓடி வந்தார்கள். கத்தரிப்பூ பானட்டின் நட்டநடுவில், பளிச்சென்று வெள்ளையாக, ஒரு உள்ளங்கையும் ஐந்து விரல்களும்.

“டாடி!” நிக்கோலின் குரல் உடைந்தது. “சரி பண்ண மருந்துக்குக்கூட ஒரு சொட்டு இல்ல. மிச்சம் இருந்ததத்தான் ஏழாவது கோட்டுக்கு ஊத்த வெச்சீங்களே. விக்கிற கடையும் மத்தியானத்தோட சாத்திட்டான்!”

அந்தோனியம்மாள் அந்தக் கைத்தடத்தைப் பார்த்தார். நான்கு முறை தேர்வுக்குப் போய், ஒரு முழம் துணியைப் பையில் வைத்துத் திரிந்து, காலையிலிருந்து நீலத்தைச் சிட்டிகை சிட்டிகையாக அளந்த முகம் ஒரு கணம் சுருங்கிப்போயிற்று. எட்மண்ட் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். அந்தச் செய்கை எங்கோ பார்த்ததுபோல இருந்தது அந்தோனியம்மாளுக்கு. தினமும் பார்ப்பதுதான். அவர் வகுப்பில் நான்கு வயதுக்காரர்கள் செய்வது.

“கையைக் காட்டுங்க,” என்றார் வகுப்புக் குரலில்.

கை முன்னால் வந்தது. ஊதா.

“ஈரமா இருக்கிறப்ப தொடக் கூடாதுன்னு சொன்னாங்களா இல்லையா?”

“சொன்னாங்க,” என்றது ஐம்பத்தெட்டு வயது.

கபீர் முதலில் சிரித்தார். அடுத்து நிக்கோல் திரும்பிக்கொண்டு தோளைக் குலுக்கினாள். கடைசியாக அந்தோனியம்மாள், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு.

சிரிப்பில் தைரியம் பெற்ற எட்மண்ட், வாய்ப்பையும் கண்டுகொண்டார். “இப்ப என்ன பண்றது? காஞ்சதும் மொத்தத்தையும் உரிச்சிடலாம். பழைய வெள்ளையே அழகு. ராத்திரிக்குள்ள நானே உரிச்சுடறேன், நீங்க யாரும் சிரமப்பட வேணாம்.”

சிரிப்பு நின்றது. முப்பது வருடத்தில் எட்மண்ட் ‘நானே’ என்று முன்வந்து செய்த வேலை எதுவும் அந்தோனியம்மாளுக்கு நினைவில்லை.

“ஏன் இவ்வளவு அவசரம்?” என்றார்.

“அவசரமெல்லாம் இல்ல. ஒரு அக்கறைதான்.”

*

ஆறரைக்கு ரப்பர் காய்ந்துவிட்டது. எட்மண்டின் கையிலும். கபீர் அதன் ஓரத்தைப் பிடித்து இழுக்க, உள்ளங்கையின் ரேகைகளோடு ஊதாத் தோல் கையுறைபோலக் கழன்று வந்தது.

“ஏழு கோட்டுனால முழுசா வருதுடா. நீ சொன்னது சரிதான்,” என்றார் கபீர்.

அந்தோனியம்மாள் பள்ளிப் பையிலிருந்து தடித்த வெள்ளை மார்க்கர் ஒன்றை எடுத்து வந்தார். பானட்டில் கைத்தடத்துக்குக் கீழே, பாலர் பள்ளிச் சுவரில் எழுதும் அதே வட்ட வட்ட எழுத்தில், நிதானமாக எழுதினார்:

எட்மண்ட், வயது 58.

“அந்தோனி! என்ன காரியம் பண்றே? நாளைக்குக் கோயில் வாசல்ல எல்லாரும்...”

“எங்க பிள்ளைங்க கை பதிச்சா கீழ பேர் எழுதாம விடமாட்டேன். இல்லாட்டி யார் கைன்னு அவங்க அம்மாவுக்குத் தெரியாதுல்ல?” மார்க்கரை மூடினார். “இது இப்படியே இருக்கும். பத்து மாசமும். வாங்க, வீட்டுக்குப் போவோம். நான் ஓட்டறேன்.”

நிக்கோல் புது ஓட்டுநருக்கான ஆரஞ்சு முக்கோணத்தைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டாள். அந்தோனியம்மாள் வலப்பக்கம் உட்கார்ந்து, இருக்கையை முன்னால் இழுத்து, கண்ணாடிகளைத் திருத்தினார். எட்மண்ட் இடப்பக்கக் கதவுக்கு வெளியே, ஏறாமல், பஸ் நிறுத்தம் இருக்கும் திசையைப் பார்த்தபடி நின்றார்.

அந்தோனியம்மாள் காரைக் கிளப்பினார்.

ஒன்பது ஆண்டுகளாக அந்தக் கார் உயிர் பெற்றதும் முதலில் புளூடூத்தில் தேடுவது எட்மண்டின் கைபேசியை. இன்றும் தேடியது, கண்டுபிடித்தது. அதே நொடியில் அழைப்பு வந்தது. எட்மண்ட் சட்டைப் பையில் கைவிடுவதற்குள், ஸ்டியரிங்கில் இருந்த ஏதோ ஒரு பொத்தானை அந்தோனியம்மாள் அழுத்திவிட்டார். நான்கு ஸ்பீக்கரும் ஒரே குரலில் பேசின.

“அண்ணே! வடிவேலு பேசறேன். திங்கக்கிழமை பத்து மணிக்குக் கார் பாக்க வர்றேன்ல, கஸ்டமரையும் கூட்டிட்டு வர்றேன். வெள்ளைதானே? அவருக்கு வெள்ளைன்னாத்தான் வேணுமாம்.”

இம்முறை வாயைத் திறந்து வைத்திருந்தவள் நிக்கோல்.

அந்தோனியம்மாள் கணவரைத் திரும்பிப் பார்த்தார். ஏழு கோட், மொத்தமா உரிச்சிடலாம், நானே உரிச்சுடறேன். எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பிறகு ஸ்பீக்கரைப் பார்த்து, பெற்றோர் கூட்டத்தில் பேசுகிற அமைதியோடு சொன்னார்:

“தம்பி, நான் அந்தோனியம்மாள் பேசறேன். கார் வெள்ளை இல்லப்பா. கத்தரிப்பூ. பானட்ல ஒரு கை வேற இருக்கு. கஸ்டமருக்குத் தோதுப்படாதுன்னு சொல்லிடு.”

“கையா? என்ன கை அக்கா?”

“விக்கப் பாத்த கை.”

போர்ச்சில் கபீர் வானத்தைப் பார்த்தார்.

“சரிக்கா, புரியுது,” என்றான் வடிவேலு, புரியாமல். “அப்ப உங்களுக்குன்னு அண்ணன் என்கிட்ட எடுத்து வெக்கச் சொன்னாரே, அது வேணுமா, வேணாமா?”

எட்மண்டின் கை சன்னல் வழியாகப் பாய்ந்து அழைப்பைத் துண்டித்தது. அதே கை.

எஞ்சின் மட்டும் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது.

“ஏறுங்க,” என்றார் அந்தோனியம்மாள்.

எட்மண்ட் கபீரைப் பார்த்தார். கபீர் பஸ் நிறுத்தத்தைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எட்மண்ட் கதவைத் திறந்தார். இடப்பக்கம் உட்கார்ந்தார். அங்கே இருக்கை அவ்வளவு தாழ்வாக இருக்கும் என்பது ஒன்பது ஆண்டுகளில் அவருக்குத் தெரியாது. பெல்ட்டை இழுத்தார், சிக்கியது, மனைவி குனிந்து மாட்டிவிட்டார்.

“எனக்குன்னு என்ன எடுத்து வெக்கச் சொன்னீங்க?”

“முன்னாடி பாத்து ஓட்டு,” என்றார் எட்மண்ட், சாதாரணத் தமிழில்.

அந்தோனியம்மாள் முன்னால் பார்த்து ஓட்டினார். தெருமுனையில் நின்று, வலமும் இடமும் பார்த்து, தேர்வில் மூன்று முறை தவறவிட்ட அந்தத் திருப்பத்தை அளந்தெடுத்துத் திரும்பினார். எட்மண்டின் வலது கால், பிரேக் இல்லாத இடத்தில், பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தது.

அவர் கண்ணெதிரே, பானட்டின் நடுவில், அவருடைய ஐந்து விரல்களும் விரிந்து வழி நெடுக ‘நில், நில்’ என்று சொல்லிக்கொண்டிருந்தன. கார் நிற்கவில்லை.